கார் பளபளப்புக்கு வாக்ஸா, சீலண்டா? சென்னைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அண்ணா சாலையிலிருந்து ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குள் திரும்பினால் வரிசையாகக் கார் ஆக்சஸரி கடைகள். அதில் ஒன்றில் ஏறி, "நல்ல வாக்ஸ் ஒன்று கொடுங்க" என்று கேட்டுப் பாருங்கள். மேசை மேல் ஆறேழு டப்பா வந்து நிற்கும். எல்லாவற்றிலும் கண்ணாடிப் பளபளப்பு, நானோ, நீடித்த பாதுகாப்பு என்றுதான் எழுதியிருக்கும். அந்த எழுத்தைப் படித்துத் தேர்ந்தெடுக்க முடியாது. கார் இரவில் எங்கே நிற்கிறது, எந்தத் தண்ணீரில் குளிக்கிறது, காலையில் அதை யார் எந்தத் துணியால் துடைக்கிறார்கள் என்ற மூன்றையும் வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். கீழே உள்ள பதில்களில் பாதி அவற்றைப் பற்றியவையே.

வாக்ஸ், சீலண்ட் இரண்டும் ஒன்றுதானே?

வேலை ஒன்று, சரக்கு வேறு. இரண்டுமே பெயிண்டின் மேல் மெல்லிய படலமாக உட்கார்ந்து, பறவை எச்சம், உப்பு, தூசி எல்லாவற்றின் முதல் அடியையும் தாங்கிக்கொள்கின்றன.

வாக்ஸில் பேர்பெற்றது கார்னோபா. பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒருவகைப் பனையின் ஓலையில் படிகிற மெழுகு அது. அந்த வறண்ட பூமியில் ஓலையின் ஈரம் போகாமலிருக்க மரமே சுரந்துகொள்வது. இயற்கை மெழுகுகளில் மிகக் கடினமானது. 82 முதல் 86 டிகிரி செல்சியஸ் வரை சூடானால்தான் உருகும். தேன்மெழுகு 62, 64 டிகிரியிலேயே உருகிவிடும். மாத்திரைக்கும் மிட்டாய்க்கும் மேல்பூச்சாகப் போவதும் இதே கார்னோபாதான். தனியாக எடுத்தால் கையால் தேய்க்க முடியாத அளவுக்குக் கட்டியாக இருக்கும். அதனால் எண்ணெய், கரைப்பான், மென்மையான வேறு மெழுகுகள் எல்லாம் சேர்த்துத்தான் டப்பாவில் அடைக்கிறார்கள். "100 சதவீதக் கார்னோபா" என்று பார்த்தால், டப்பா முழுக்க அதுதான் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உள்ளே இருக்கும் மெழுகில் வேறு மெழுகு கலக்கவில்லை என்ற அளவுக்குத்தான் அதற்கு அர்த்தம்.

சீலண்ட் ஆலையில் செய்த பாலிமர், பெரும்பாலும் சிலிகோன் வகையைச் சேர்ந்தது. தேய்த்த பிறகு பெயிண்டைப் பற்றிக்கொள்ளச் சில மணி நேரம் முதல் ஒரு நாள் வரை எடுக்கும். பற்றிக்கொண்டபின் வெயிலுக்கும் ஷாம்புக்கும் வாக்ஸைவிட அதிகமாக ஈடுகொடுக்கும்.

சென்னைக்கு எது? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

சீலண்ட்.

இரண்டாவது வார்த்தைக்கு இடம் கொடுத்தால்: தெருவில் நிற்கும் கார், ஓப்பன் பார்க்கிங் கார், ஓஎம்ஆரில் ஆபீஸ் வாசலில் நாள் முழுக்க வெயில் காயும் கார், இவை எல்லாவற்றுக்கும் சீலண்ட். கத்திரி வெயிலில் கறுப்புக் காரின் பானெட் 70 டிகிரியை நெருங்கும். அந்தச் சூட்டில் கார்னோபா உருகாது என்றாலும், கூடவே கலந்திருக்கும் எண்ணெயும் மென்மெழுகும் தளர்ந்து, படலம் சீக்கிரம் போய்விடும். மூடிய பார்க்கிங், சனி ஞாயிறு மட்டும் ஓட்டும் கார், கையால் தேய்ப்பதே ஒரு சுகம் என்று நினைக்கும் உரிமையாளர் என்றால் கார்னோபா. கறுப்பு, அடர் சிவப்பு, அடர் நீலம் ஆகிய நிறங்களில் கார்னோபா தரும் ஈரப்பசையான ஆழம் தனி அழகு. வெள்ளை, சில்வர் கார்களில் அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. அங்கே சீலண்டின் கண்ணாடி மினுமினுப்பு போதும்.

வாக்ஸ் போட்டால் மங்கிய கார் புதுசு மாதிரி ஆகுமா?

ஆகாது. இந்தப் பதிலைக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் வீணாவது இங்கேதான்.

இன்றைய காரில் இரும்பின் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேல் நிறமில்லாத கிளியர் கோட். மொத்தமும் சேர்த்து 100 முதல் 150 மைக்ரான் தடிமன் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதில் கிளியர் கோட் மட்டும் 35 முதல் 50 மைக்ரான். நம் தலைமுடி ஒன்றின் தடிமன்கூட இல்லை. பளபளப்பு என்பது அந்தக் கிளியர் கோட் எவ்வளவு சமமாக இருக்கிறது என்பதைப் பொறுத்தது. சமமாக இருந்தால் ஒளி நேராகத் திரும்பும், நம் முகம் தெரியும். மயிரிழைக் கீறல்கள் விழுந்திருந்தால் ஒளி சிதறும், நிறம் மங்கித் தெரியும். இரவு பெட்ரோல் பங்க் விளக்குக்குக் கீழே காரை நிறுத்திப் பாருங்கள். விளக்கைச் சுற்றிச் சிலந்தி வலைபோல வட்டக் கோடுகள் தெரிந்தால் சிக்கல் அதுதான்.

அந்தக் கீறலைப் போக்குவது பாலிஷ். அதில் நுண்ணிய தேய்ப்புத்துகள் இருக்கும். கிளியர் கோட்டில் மிகச் சிறிதளவைச் சீவி எடுத்துச் சமமாக்கும். வாக்ஸும் சீலண்டும் எதையும் சீவுவதில்லை. சமமான பரப்பை அப்படியே காப்பாற்றுகின்றன. வாக்ஸின் எண்ணெய் சில கீறல்களை நிரப்பி மறைக்கும் என்பது உண்மைதான். நாலைந்து முறை கழுவினால் கீறல் திரும்ப வந்துவிடும்.

பாலிஷுக்கும் ஒரு வரம்பு உண்டு. ஒவ்வொரு சர்வீஸிலும் "ரப்பிங், பாலிஷிங்" என்று பில்லில் ஏற்றிக்கொண்டே போனால் அந்த 35 மைக்ரானும் ஒருநாள் தீர்ந்துபோகும். வருடத்துக்கு ஒருமுறைகூட அவசியமில்லை. நன்றாக ஒருமுறை பாலிஷ் போட்டுவிட்டு, பிறகு சீலண்டைத் தவறாமல் புதுப்பித்து வந்தாலே பல வருடம் ஓடும்.

டப்பாவில் வாக்ஸ் என்று இருக்கிறது, கடைக்காரர் சீலண்ட் என்கிறார். யார் சொல்வது சரி?

கடைக்காரர் சொல்வது சரியாக இருக்கலாம். மெகுயர்ஸ் அல்டிமேட் லிக்விட் வாக்ஸ் என்று பிரபலமான ஒரு புட்டி இருக்கிறது. பெயரில் வாக்ஸ், உள்ளே இருப்பது செயற்கைப் பாலிமர். வாக்ஸ் என்றால்தான் மக்களுக்குப் புரிகிறது என்பதால் கம்பெனிகள் அந்தப் பெயரை விடுவதில்லை. கார்னோபாவும் பாலிமரும் கலந்த சரக்கும் நிறைய வருகிறது. டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். "பாலிமர்", "சின்தடிக்", "சிலிக்கா" என்று இருந்தால் சீலண்ட் குடும்பம். "கிளீனர் வாக்ஸ்" என்று இருந்தால் அதில் தேய்ப்புத்துகள் இருக்கிறது. மாதாமாதம் போடுவதற்கு அது ஏற்றதில்லை.

புதுக் கார் எடுக்கிறோம். ஷோரூமில் டெஃப்லான் கோட்டிங் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

டெஃப்லான் என்பது தோசைக்கல்லில் ஒட்டாமலிருக்கப் போடும் அதே பொருள்தான். அது உருகுவதற்கே 327 டிகிரி வேண்டும். தோசைக்கல்லில் உலையில் வைத்து ஒட்டவைக்கிறார்கள். கார் பெயிண்டை அந்தச் சூட்டில் வைத்தால் பெயிண்டே மிஞ்சாது. அதனால் ஷோரூமில் போடுவது, பெயர் என்னவாக இருந்தாலும், கையாலோ மெஷினாலோ தேய்க்கும் ஒரு சீலண்ட். கெட்டது என்று சொல்லவில்லை. அதே வேலையை ஒரு புட்டி வாங்கி நீங்களே வீட்டில் செய்துகொள்ளலாம், மீதி திரவம் அடுத்த இரண்டு மூன்று முறைக்கும் இருக்கும்.

"புதுப் பெயிண்ட், மூன்று மாதம் எதுவும் போடக்கூடாது" என்று சிலர் சொல்வார்கள். இருங்காட்டுக்கோட்டையிலோ ஒரகடத்திலோ தொழிற்சாலையை விட்டு வெளியே வரும் காரின் கிளியர் கோட் 140 டிகிரி அளவில் சுடப்பட்டது, முழுவதும் காய்ந்தது. டெலிவரி எடுத்த அன்றே போடலாம். சொல்லப்போனால் அன்றைக்குப் போடுவதுதான் சரியான நேரம், இன்னும் யாரும் துணியால் தேய்த்திருக்க மாட்டார்கள். யார்டில் வாரக்கணக்கில் நின்ற தூசியை ஷோரூமில் எப்படித் துடைப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். முடிந்தால், "கார் கழுவாமலே கொடுங்க, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சேல்ஸ் தம்பி ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை.

டிங்கரிங், பெயிண்டிங் முடிந்து வந்த கதவுக்கு?

அதற்குத்தான் காத்திருக்க வேண்டும். பட்டறைச் சூளையில் 60 டிகிரி அளவில்தான் காயவைப்பார்கள். சின்னப் பட்டறையில் வெயிலே சூளை. உள்ளே இருக்கும் கரைப்பான் மெதுவாக ஆவியாகி வெளியேற வேண்டும். குறைந்தது 30 நாள், நிதானமானவர்கள் 60 நாள் விடுவார்கள். அதுவரை வெறும் தண்ணீரும் ஷாம்புவும் போதும்.

பெசன்ட் நகரில் வீடு. கடற்காற்றுக்கு வாக்ஸ் தாங்குமா?

திருவொற்றியூர் முதல் நீலாங்கரை வரை கடலை ஒட்டி இருப்பவர்கள் எல்லோருக்கும் இந்தக் கேள்வி உண்டு. காலையில் கண்ணாடியைத் தொட்டால் பிசுபிசுவென்று இருக்குமே, அது உப்பு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரையும். சென்னைக் கடற்கரையில் இரவில் அதற்குக் குறைவே இல்லை. ஆக, காரின் மேல் உப்பு இரவில் கரைசலாகிறது, மதியம் காய்கிறது, மறுபடி இரவில் கரைகிறது. இப்படியே நாள்தோறும்.

நல்ல நிலையில் இருக்கும் கிளியர் கோட்டை உப்பு அவ்வளவு சீக்கிரம் துளைக்காது. அது நுழைவது கல் பட்டுத் தெறித்த இடம், கதவு விளிம்பில் பெயிண்ட் பெயர்ந்த இடம், நம்பர் பிளேட் ஸ்க்ரூ ஆகிய இடங்களில். அங்கே சீலண்ட் தடவித் துருவை நிறுத்த முடியாது. டச்-அப் பெயிண்ட் வைத்து மூட வேண்டும். மற்ற பரப்பில் சீலண்ட் செய்யும் உபகாரம், உப்பு ஒட்டாமல் தண்ணீர் ஊற்றியவுடன் வழிந்துபோக விடுவது. அதனால் கடலோரத்தில் இருப்பவர்களுக்கு, சீலண்ட் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் வாரத்துக்கு ஒருமுறையாவது தண்ணீர் ஊற்றிக் கழுவுவது. அடிப்பக்கத்துக்கும் சக்கர வளைவுக்கும் சேர்த்து. உப்புப் படிந்த காரை உலர்ந்த துணியால் துடைத்தால், உப்போடு வந்த மணலும் சேர்ந்து தேய்க்கும்.

போர் தண்ணீரில் கழுவினால் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழுகிறது. சீலண்ட் போட்டபின் இன்னும் அதிகமாகத் தெரிகிறதே?

கண் ஏமாற்றவில்லை, நடப்பது அதுதான். சீலண்ட் போட்ட பரப்பில் தண்ணீர் பரவாமல் முத்து முத்தாக நிற்கும். விளம்பரத்தில் பார்க்க அழகு. அந்த முத்து வெயிலில் காயும்போது, அதில் இருந்த சுண்ணாம்பும் உப்பும் ஒரே புள்ளியில் கூடி வளையமாக ஒட்டிக்கொள்ளும். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் ஏற்கும் டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு, லிட்டருக்கு 500 மில்லிகிராம். மடிப்பாக்கம், வேளச்சேரிப் பக்கம் போர் தண்ணீரில் மீட்டரை விட்டுப் பார்த்தவர்களுக்கு இந்த எண்ணைப் பார்த்தால் சிரிப்பு வரும்.

இதில் நல்ல எண்ணத்தோடு செய்கிற ஒரு காரியம் நிலைமையை மோசமாக்குகிறது. ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரை வாளியில் பிடித்து, வீணாக்கக் கூடாது என்று கார் கழுவுகிறோம். சிக்கனம் சரி. ஆனால் நமக்குக் குடிக்கக் கொடுத்த தண்ணீரிலிருந்து எடுத்த உப்பெல்லாம் அந்த வாளியில்தான் இருக்கிறது. போர் தண்ணீரைவிடக் கடினமான தண்ணீர் அது. அதைக் கழிவறைக்கோ தரை துடைக்கவோ வைத்துக்கொள்ளுங்கள்.

பதிலாக ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடியுங்கள். காற்றிலிருந்து குளிர்ந்து இறங்கியது, தாது உப்பு ஏறக்குறைய கிடையாது. முதல் கழுவலைப் போர் தண்ணீரில் முடித்து, கடைசி அலசலை மட்டும் வடிகட்டிய ஏசி தண்ணீரில் செய்தால் புள்ளி விழாது. ஒரு படுக்கையறை ஏசி ஒரு ராத்திரியில் கொடுப்பது சின்னக் காருக்குக் கடைசி அலசலுக்குப் போதும். எந்தத் தண்ணீராக இருந்தாலும் தானாகக் காயவிடாமல் உடனே துணியால் ஒற்றி எடுக்க வேண்டும்.

ஏற்கெனவே விழுந்த புள்ளிக்கு, வெள்ளை வினிகரைச் சம அளவு தண்ணீரில் கலந்து துணியில் நனைத்து ஒரு நிமிடம் போர்த்தி வைத்துக் கழுவுங்கள். நிழலில், பானெட் சூடில்லாதபோது. வினிகரோடு சீலண்டும் கொஞ்சம் போகும், அந்த இடத்தில் மறுபடி தடவிவிடுங்கள். வினிகருக்கும் போகவில்லை என்றால் புள்ளி கிளியர் கோட்டைக் கடித்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம் பாலிஷ்தான்.

அப்பார்ட்மெண்டில் தினமும் ஒரு அண்ணன் கார் துடைக்கிறார். அவர் துடைத்தால் சீலண்ட் போய்விடுமா?

சீலண்ட் போவதைவிடக் கிளியர் கோட் கீறப்படுவதுதான் கவலை. ஒரு வாளி, ஒரு துணி, பத்துப் பதினைந்து கார். மூன்றாவது காருக்கு வரும்போதே அந்தத் தண்ணீர் சேறு. மெட்ரோ ரயில் வேலை நடக்கும் சாலைகளில் போய் வந்த கார் என்றால் மேலே படிந்திருப்பது சிமெண்டும் மணலும். அதை ஈரத்துணியால் வட்டமாகத் தேய்த்தால், முன்பு சொன்ன சிலந்தி வலை உருவாகும். மாதக்கணக்கில் தினமும்.

அவரைத் திட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை. அவருக்கு அசோசியேஷன் கொடுத்திருப்பது ஒரு குழாய், ஒரு வாளி. உங்கள் காருக்கென்று இரண்டு மைக்ரோஃபைபர் துணியும் தனியாக ஒரு வாளியும் வாங்கிக் கொடுங்கள். தினமும் வேண்டாம், வாரத்துக்கு இரண்டு நாள் மேலிருந்து தண்ணீர் ஊற்றிவிட்டு அப்புறம் துடைத்தால் போதும், சம்பளம் அதேதான் என்று சொல்லுங்கள். வேலை குறைந்து சம்பளம் குறையாவிட்டால் யாருக்குத்தான் கசக்கும்? மற்ற நாளில் கண்ணாடியை மட்டும் துடைக்கட்டும். இந்த ஏற்பாடு, கடையில் இருப்பதிலேயே விலை உயர்ந்த புட்டியைவிட உங்கள் பெயிண்டுக்கு நல்லது.

பனியன் வேஸ்ட் வேண்டாம். தையல் விளிம்பும் எங்காவது தப்பி ஒட்டியிருக்கும் பட்டனும் கீறும்.

மரத்தடியில்தான் இடம். காக்கை எச்சத்துக்கு வாக்ஸ் போதுமா?

நேரம் வாங்கித் தரும், அவ்வளவுதான். எச்சத்தில் யூரிக் அமிலம் இருக்கிறது. அதோடு வெயிலில் கிளியர் கோட் சூடாகி விரிந்து, மாலையில் சுருங்கும்போது காய்ந்த எச்சத்தின் வடிவத்தையே தன் மேல் பதித்துக்கொள்ளும். மே மாதத்தில் சில மணி நேரமே போதும். பார்த்தவுடன் ஈரத்துணியை மேலே போட்டு ஐந்து நிமிடம் ஊறவிட்டு, தேய்க்காமல் தூக்கி எடுங்கள். நாவல் பழம் தின்ற பறவையின் எச்சம் என்றால் ஐந்து நிமிடத்தைக்கூட யோசிக்காமல் ஓடுங்கள்.

மாமரம், வேம்பு, தூங்குமூஞ்சி மரங்களின் கீழே காரில் பிசுபிசுவென்று பனித்துளிபோல் விழுவது பெரும்பாலும் மரத்தின் பிசின் இல்லை, இலையில் சாறு உறிஞ்சும் பூச்சிகள் வெளியேற்றும் இனிப்பு நீர். வெதுவெதுப்பான ஷாம்பு தண்ணீரில் போய்விடும். விட்டால் கறுப்புப் பூஞ்சை பிடிக்கும்.

வெள்ளைக் காரில் ஆரஞ்சு நிறத்தில் சின்னச் சின்னத் துருப்புள்ளி. பாடி துருப்பிடிக்கிறதா?

ரயில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் நிறுத்துகிறீர்களா? கடற்கரை, தாம்பரம் மார்க்கத்தில் ஸ்டேஷன் பார்க்கிங்கில் விடும் கார்களில் இது சகஜம். சக்கரமும் பிரேக்கும் உரசிப் பறக்கும் இரும்புத்துகள் கிளியர் கோட்டில் குத்திக்கொண்டு அங்கேயே துருப்பிடிக்கிறது. அயர்ன் ரிமூவர் என்று விற்கும் திரவத்தை அடித்தால் ஊதா நிறமாக வழிந்து கரையும். இதை எடுக்காமல் மேலே சீலண்ட் போட்டால் துகளைப் பூட்டி வைத்தது மாதிரிதான்.

ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம் வைக்கிறோம். கறை போகவே மாட்டேன் என்கிறது.

பூஜைக்கு ஒரு வாரம் முன்பே சீலண்டோ வாக்ஸோ போட்டுவிட்டால், மறுநாள் தண்ணீர் ஊற்றியதும் பெரும்பாலும் வந்துவிடும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் எப்படியும் ஒருமுறை போட வேண்டியிருப்பதால் இரண்டும் ஒரே வேலையாக முடிகிறது. மஞ்சள் கறை மிஞ்சினால் கவலை வேண்டாம், வெயிலில் தானே வெளிறும். குங்குமத்தில் செயற்கைச் சாயம் இருந்தால் அது அப்படிப் போகாது, வெள்ளைக் காரில் இளஞ்சிவப்பாகத் தங்கிவிடும். பானெட்டில் வைப்பதற்குப் பதிலாகக் கண்ணாடியிலோ நம்பர் பிளேட்டிலோ பொட்டு வையுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது. மாலை கட்டிய கம்பி பெயிண்டில் உரசாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். குங்குமத்தைவிட அதிகச் சேதம் அந்தக் கம்பியால்தான்.

தீபாவளி மறுநாள் காலையில் படிந்திருக்கும் வெடிமருந்துச் சாம்பலில் கந்தகம் இருக்கும். பனி பட்டால் பெயிண்டுக்கு ஆகாது. தண்ணீர் ஊற்றி இறக்குங்கள், உலர் துணி வேண்டவே வேண்டாம்.

சரி, எப்படிப் போடுவது?

காலை ஒன்பது மணிக்கு முன்னால் அல்லது மாலை ஐந்துக்கு மேல், நிழலில். புறங்கையைப் பானெட்டில் வைத்தால் சூடு உறைக்கக் கூடாது.

ஷாம்பு போட்டுக் கழுவித் துடைத்தபின், மெல்லிய பிளாஸ்டிக் கவரைக் கையில் மாட்டிக்கொண்டு பெயிண்டைத் தடவிப் பாருங்கள். வெறுங்கைக்குத் தெரியாத நரநரப்பு கவருக்குள் தெரியும். அப்படி இருந்தால் கிளே பார் (ஒட்டியிருக்கும் துகளை இழுத்தெடுக்கும் களிமண் போன்ற கட்டி) எடுத்து, நிறைய ஷாம்பு தண்ணீர் விட்டு, அழுத்தாமல் நேர்க்கோட்டில் தேய்த்து எடுங்கள். கிளே கீழே விழுந்தால் அந்தத் துண்டைத் தூக்கி எறிந்துவிடுங்கள். கழுவினால் போதும் என்று நினைப்பது ஆபத்து. பாலிஷ் தேவை என்றால் இந்தக் கட்டத்தில். சீலண்ட் போடுவதாக இருந்தால், ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் கலந்து ஒருமுறை துடைத்து எண்ணெயெல்லாம் எடுத்துவிடுங்கள். சீலண்ட் வெறும் பெயிண்டைத்தான் பற்றும்.

பிறகு ஸ்பாஞ்சில் கொஞ்சமாக எடுத்து, ஒவ்வொரு பேனலாக, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்கு மெல்லிசாக. செடான் காருக்கு 30 மில்லியே தாராளம். தடிமனாக அப்பினால் பாதுகாப்பு கூடாது, துடைக்கும்போது தோள்பட்டைதான் வலிக்கும். சென்னைக் காற்றின் ஈரத்தில் அது வெளுத்துக் காயக் கொஞ்சம் கூடுதல் நேரமாகும். விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள், கோடு சுத்தமாகத் தெரிந்தால் துடைக்கலாம், இழுபட்டால் பொறுங்கள். சுத்தமான மைக்ரோஃபைபரால் எடுத்துவிட்டு, வேறொரு துணியால் கடைசி மெருகு. சீலண்ட் என்றால் அன்று இரவு கார் நனையக் கூடாது, அதனால் வானிலை அறிக்கையைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

துவைக்கும்போது மைக்ரோஃபைபர் துணிக்கு வாசனைத் துணி மென்மையாக்கி ஊற்றாதீர்கள். இழையில் அடைத்துக்கொள்ளும்.

சீலண்ட் மேல் வாக்ஸ் போடலாமா?

போடலாம், மறுநாள். தலைகீழாக வேண்டாம். வாக்ஸின் எண்ணெய்மேல் சீலண்ட் பிடிக்காது.

எத்தனை மாதம் தாங்கும்?

டப்பாவில் போட்டிருப்பதில் பாதி என்று கணக்கு வையுங்கள். திறந்த வெளியில் நிற்கும் காருக்கு, நம் ஊரில் கார்னோபா ஒன்று முதல் ஒன்றரை மாதம், சீலண்ட் மூன்று முதல் நான்கு மாதம். தண்ணீர் ஊற்றும்போது முத்து முத்தாக நிற்காமல், வழியாமல், ஒரே போர்வையாகப் படுத்துக்கொண்டால் நேரம் வந்துவிட்டது. சில நேரம் மேலே அழுக்குப் படிந்தாலும் அப்படித்தான் தெரியும். நல்ல ஷாம்பு போட்டுக் கழுவிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பாத்திரம் தேய்க்கும் திரவம் ஊற்றிக் கழுவினால் தாங்க வேண்டிய நாள் இன்னும் குறையும்.

மாதம் குறித்து வைக்க விரும்புபவர்களுக்கு, சீலண்ட் போடக் குறைந்தது இந்த மூன்று முறையாவது: மார்ச் தொடக்கம், ஜூலை, செப்டம்பர் கடைசி.

செராமிக் கோட்டிங் போட்டுவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையாமே? 9 எச் கடினமாம்.

செராமிக், அதாவது பெயிண்டின் மேல் கண்ணாடிபோல் இறுகும் சிலிக்கா பூச்சு, உண்மையிலேயே நீடிக்கும், வருடக்கணக்கில். ஆனால் "9 எச்" என்பது பென்சில் அளவு. வரைபடப் பென்சிலை வைத்துக் கீறிப் பார்க்கும் ஒரு பெயிண்ட் சோதனை. 9 எச் பென்சிலும் கீறவில்லை என்பதற்கு மேல் அதற்கு அர்த்தமில்லை. மணல் பென்சிலைவிடக் கடினம். கல் தெறிப்பதையும் ஆட்டோ உரசுவதையும் செராமிக் தடுக்காது. அதற்குப் பிபிஎஃப் என்கிற, பெயிண்டைக் காக்கும் கெட்டியான பிளாஸ்டிக் ஃபிலிம் ஒட்ட வேண்டும். போர் தண்ணீர்ப் புள்ளி செராமிக்கிலும் விழும், அந்த அண்ணனின் வாளி அதையும் கீறும். கார் ஐந்தாறு வருடம் கையில் இருக்கும், கழுவும் முறையையும் மாற்றிக்கொண்டோம் என்றால் போடுங்கள். கழுவும் முறை மாறாது என்றால் அந்தப் பணத்துக்கு வேறு செலவு பாருங்கள்.

அப்பாவின் பழைய அம்பாசடர். துடைத்தால் துணியில் நிறம் வருகிறது.

கிளியர் கோட் இல்லாத ஒற்றைப் பூச்சுப் பெயிண்ட். பழைய அம்பாசடர், பத்மினி, ஆரம்பகால மாருதிகள் பலவற்றில் இதுதான். வெளுத்துப் பொடியான மேல்தோல் துணியில் வருகிறது, பயப்பட வேண்டாம். மென்மையான பாலிஷால் கையால் மெதுவாக எடுத்து, எண்ணெய்ப்பசை அதிகமுள்ள கார்னோபா பேஸ்ட் போடுங்கள். இந்தப் பெயிண்டுக்குச் சீலண்டைவிட வாக்ஸ்தான் பொருத்தம். ஒரு கோட்டிலேயே நிறம் திரும்புவதைப் பார்க்கலாம்.

தேங்காய் எண்ணெய், டீசல், டூத்பேஸ்ட்?

எண்ணெய் ஒரு மணி நேரம் பளபளக்கும், பிறகு கத்திப்பாரா தூசி மொத்தமும் உங்கள் காரில்தான். டீசல் துடைத்தால் இருந்த வாக்ஸும் போகும், கதவோரத்து ரப்பர் பீடிங்கும் உப்பிப்போகும். டூத்பேஸ்ட் ஒரு தேய்ப்பான். ஹெட்லைட்டில் அவசரத்துக்குச் சரி, பெயிண்டில் வேண்டாம்.

கறுப்பு பிளாஸ்டிக்கில் வாக்ஸ் பட்டு வெள்ளையாகிவிட்டது.

பழைய டூத்பிரஷ், ஷாம்பு கலந்த வெந்நீர். அடுத்த முறை விளிம்பில் டேப் ஒட்டிவிட்டு ஆரம்பியுங்கள்.

பளபளப்பே இல்லாத மேட் ஃபினிஷ் காருக்கு?

எந்த வாக்ஸும் வேண்டாம். திட்டுத் திட்டாகப் பளபளத்து அசிங்கமாகிவிடும். மேட்டுக்கென்றே தனி ஸ்ப்ரே கிடைக்கிறது.

வெளியே நிற்கும் காருக்குக் கவர் போட்டால் சீலண்ட் அதிக நாள் வருமா?

சுத்தமான காரின் மேல், காற்றில் ஆடாமல் இறுக்கிக் கட்டிய கவர் என்றால் வரும். தூசியோடு கவர் போட்டால் காற்றில் கவர் அசையும்போதெல்லாம் தேய்க்கும். மழையில் நனைந்த கவரை அப்படியே விட்டால் உள்ளே ஈரம் தங்கிப் பெயிண்டில் மூடுபனிபோல் வெள்ளை படரும். மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் காரை ஏற்றி நிறுத்துகிற நாட்களில், கவர் இல்லாமல் விடுவதே நல்லது. மழை தண்ணீரில் தாது உப்பு மிகக் குறைவு, இலவசமாக ஒரு நல்ல அலசல்.

மீதி வாக்ஸை எங்கே வைப்பது?

காரின் டிக்கியில் மட்டும் வைக்காதீர்கள். மே மாதச் சூட்டில் எண்ணெய் தனியாகப் பிரிந்து மேலே நிற்கும், கரைப்பான் பறந்துவிடும். மூடியை இறுக்கி வீட்டில் நிழலான அலமாரியில் வைத்தால் 200 கிராம் பேஸ்ட் டப்பா ஒன்று பல வருடம் வரும். ஓரத்தில் காய்ந்து வெடிப்பு விட்டிருந்தாலும் உள்ளே மென்மையாக இருக்கும் வரை பயன்படுத்தலாம். திரவச் சீலண்ட் என்றால் நன்றாகக் குலுக்கிப் பாருங்கள். கட்டி கட்டியாக விழுந்தால் புதுசு வாங்கும் நேரம்.